ட்யூமர்: கட்டியா, புற்றா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், ‘மூளையில் கட்டி’ என்று டாக்டர் சொன்னால் வீடு வந்து சேர்வதற்குள் அது ‘கேன்சர்’ ஆகிவிடும். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியே காலம் தள்ளிய என் பெரியம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது. ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்ன மலாய்ச் சொல் ‘கெதும்புஹான்’. ‘தும்புஹ்’ என்றால் முளைப்பது, வளர்வது. புற்றுநோய்க்கு மலாயில் ‘பாராஹ்’ என்று வேறு சொல் இருக்கிறது. அதை அவர் சொல்லவே இல்லை. நாங்களாகவே அப்படி எடுத்துக்கொண்டு அழுதோம்.

‘ட்யூமர்’ லத்தீன் சொல். வீங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது, வெறும் வீக்கம் என்றுதான் பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய ரோமானியர் செல்சஸ் அழற்சிக்குச் சொன்ன நான்கு அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி. அதில் வீக்கத்துக்கு அவர் எழுதிய சொல் இதுவே. கட்டுமீறிப் பெருகும் உயிரணுத் திரளுக்கு அது பெயரானது பின்னால்தான்.

தமிழில் இதற்குக் ‘கட்டி’ சரியான சொல். இறுகித் திரண்டது எதுவும் கட்டிதான்: வெல்லக்கட்டி, பனிக்கட்டி. ‘கழலை’ என்றும் எழுதுகிறார்கள், ஆனால் வீட்டில் யாருக்கும் அது புரியாது. கட்டி என்றதும் சீழ்க்கட்டியை நினைத்துக்கொண்டு ‘பழுத்து உடைஞ்சா சரியாயிடும்’ என்பவர்களும் உண்டு. அதனால் ‘மூளைக்கட்டி’ என்று சேர்த்தே சொல்வது நல்லது. ‘புற்று’ என்பது பக்கத்துத் திசுவை அரித்துப் பரவும் வகைக்கு மட்டும்.

பரவாத வகையைத் ‘தீங்கற்ற கட்டி’ என்று எழுதுகிறார்களே, மூளை விஷயத்தில் அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே ஒன்று வளர்ந்தால் அழுத்தம் ஏறும். காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், சிலருக்கு வலிப்பு. அப்புறம், கட்டி எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தின் வேலை கெடும். முன்மூளை என்றால் குணமே மாறலாம், சிறுமூளை என்றால் நடை தள்ளாடும், பின்பக்கம் என்றால் பார்வை போகும்.

பெரியம்மாவுக்கு இடது பக்கம். வலது கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவிக்கொண்டே இருந்தது. ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று பக்கத்து வீட்டில் சொல்ல, ஒரு மாதம் கைக்கு எண்ணெய் தேய்த்தோம். ஒருநாள் கொல்லையில் கிடந்த வாளியைக் காட்டி, “அந்த... அந்த... பால் ஊத்துறது, எடுத்துட்டு வாய்யா” என்றார். முப்பது வருஷம் தினமும் தூக்கிய வாளியின் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பேச்சும் வலது கையும் பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையின் பொறுப்பு.

அவருக்கு இருந்தது மெனிஞ்சியோமா. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் முளைப்பது, பெரும்பாலும் மெதுவாக வளர்வது, அநேகமாகப் புற்றல்லாதது. 1922இல் இந்தப் பெயரை வைத்தவர் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். தமிழில் ‘மூளையுறைக் கட்டி’ எனலாம். ‘தீங்கற்ற’ என்பதற்குப் பதில் ‘புற்றல்லாத’ என்றால் பொய்யான ஆறுதலும் இல்லை, வீண் பயமும் இல்லை.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தபோது எல்லாருக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: “மூளையுறையில கட்டி. புற்று இல்ல. ஆனா அழுத்துது, எடுத்தே ஆகணும்.”