இரண்டு அங்குல எதிரொலி

எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டைக் கேட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கித்தார், பேஸ் ஆகியவற்றோடு மூன்றே பேர், டிரம்ஸ் கிடையாது. ஆனாலும் பாட்டு காலியாக ஒலிக்காது. குரலுக்குப் பின்னால் அதே குரல் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் வந்து தட்டிவிட்டுப் போகும். அந்தத் தட்டல் பிறந்தது ஒரு டேப் இயந்திரத்துக்குள்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில், 706 யூனியன் அவென்யூவில், அந்தத் தட்டைப் பதிந்த சாம் ஃபிலிப்ஸ் 1950இல் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக்கூடம் திறந்தார். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் இசைக்குழு அங்கே வந்தபோது, கித்தாரின் ஆம்ப்ளிஃபையர் வரும் வழியிலேயே பழுதாகியிருந்தது. வண்டியிலிருந்து விழுந்தது என்பார்கள். மழையில் நனைந்தது என்பாரும் உண்டு. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தார்கள். கரகரத்த அந்தக் கித்தாரோடு வந்த ‘ராக்கெட் 88’தான் முதல் ராக் அண்ட் ரோல் பதிவு என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். ‘முதல்’ என்ற பட்டத்துக்குப் போட்டியாளர்கள் ஏராளம். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். பழுதைத் திருத்தாமல் ரசித்த காது ஃபிலிப்ஸுடையது, அதுதான் விஷயம்.

இனி எதிரொலி. கேசட் பிளேயரில் நாடா உரசிப்போகும் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தவர்களுக்கு அந்தப் பாகம் தெரியும். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் ஒரே ஹெட்தான் பதியவும் செய்யும், பாடவும் செய்யும். ஃபிலிப்ஸ் வாங்கிய ஆம்பெக்ஸ் இயந்திரங்களில் பதிவுக்கு ஒன்று, அதைத் தாண்டி வாசிப்புக்கு ஒன்று எனத் தனித்தனி ஹெட்கள். பதிவான ஒலி இரண்டாவது ஹெட்டை அடைய நாடா கொஞ்சம் ஓடியாக வேண்டும். இடைவெளி சுமார் 2 அங்குலம், வேகம் நொடிக்கு 15 அங்குலம் என்றால் தாமதம் 0.13 நொடி.

ஒரு இயந்திரம் பாட்டைப் பதிந்துகொண்டிருக்க, மைக்கின் ஒலியை இன்னொன்றுக்கும் அனுப்பி, தாமதமாக வெளிவரும் அதன் ஒலியை மெல்ல முதலாவதில் கலந்தார். ஒரே ஒரு முறைதான் திரும்பும். திரும்பியதை மறுபடி உள்ளே விட்டிருந்தால் கிணற்றுக்குள் கூவியது போல நீண்டுகொண்டே போயிருக்கும்.

ஏறக்குறைய 0.05 நொடிக்குள் வரும் எதிரொலியைக் காது மூல ஒலியோடு சேர்த்து ஒன்றாகவே கேட்கிறது. 0.13 நொடி அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆனால் தாளத்தைக் குழப்பும் அளவுக்குப் பிந்துவதில்லை. பேஸ் கம்பி பலகையில் அறையும் ‘டக்’ ஒவ்வொன்றும் இரண்டாகிறது. டிரம்ஸ் இல்லாத குறையைப் பாதி தீர்த்தது இதுதான் என்பேன்.

இயற்கையாக இந்தத் தாமதம் வேண்டுமானால் ஒலி போய்த் திரும்ப 22 மீட்டருக்கு அப்பால் ஒரு சுவர் தேவை. ஃபிலிப்ஸின் கூடம் அதில் பாதி நீளம்கூட இல்லை. 1954 ஜூலை 5 அன்று, 19 வயது எல்விஸ் அந்தச் சிறிய அறையில் நின்று பாடினார்.

1955 கடைசியில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் எல்விஸின் ஒப்பந்தத்தை ஃபிலிப்ஸிடமிருந்து 35,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த ஜனவரியில் நாஷ்வில்லில் எல்விஸின் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பாட்டு பதிவானபோது அந்தப் பழைய எதிரொலி கைக்கு வரவில்லை. கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து எதிரொலி பிடித்தார்கள். கேட்டுப் பாருங்கள்: மெம்பிஸ் பதிவுகளில் குரல் தட்டுகிறது, இதில் நீண்டு கரைகிறது.