பீர் கம்பெனி வைத்த ஃப்ரிட்ஜ் யாருடையது?

பர்மாவின் பெகுவில் கடை வைத்திருக்கும் நம் தமிழர்களுக்கு வருஷக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். போன மாதம் ஒரு அண்ணன் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். அத்தனையும் பீர் மூடிகள். மூடிக்குள் பரிசு விழுந்தவர்களுக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்புறம் ஏஜென்ட் மாறிவிட்டார். புதியவர் பழைய மூடியை எடுக்க மாட்டேன் என்கிறார். “இதை எந்தக் கணக்கில் எழுதுறது தம்பி?” என்றார்.

வெளிநாட்டு பீர் கம்பெனி இங்கே காலூன்றியதில் இந்த அண்ணனைப் போன்றவர்களின் பணமும் இருக்கிறது. 1996-ல் வெளியேறிய ஹைனகென், 2013-ல் உள்ளூர்க் கூட்டாளியைப் பிடித்துத் திரும்பி வந்தது. 2015-ல் ரங்கூனுக்குப் பக்கத்தில் அதன் ஆலை திறந்தது. கார்ல்ஸ்பெர்க் அதே வருஷம் நம் பெகுவிலேயே திறந்தது. ஜப்பானின் கிரின் வேறு வழியில் போனது: சந்தையில் முதலிடத்தில் இருந்த மியான்மர் புருவரியில் 55 சதவீதப் பங்கை அப்படியே வாங்கிவிட்டது. மற்ற இருவரும் ரீகல் செவன், யோமா என்று இந்த ஊருக்கென்றே சரக்கு இறக்கினார்கள்.

ஆலையும் பெயரும் இருந்தால் போதுமா? தெருக்கடையில் இடம் வேண்டுமே. அதற்குத்தான் ஃப்ரிட்ஜ், பெயர்ப்பலகை, குடை, நாற்காலி எல்லாம். இலவசம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறோம். நான் பார்த்த தாள்களில் ஃப்ரிட்ஜ் கம்பெனியின் சொத்து. கரண்ட் செலவு நம்முடையது. வேறு கம்பெனி பாட்டில் உள்ளே வைக்கக்கூடாது. ஒருவர் அதில் பால் பாக்கெட் வைத்ததற்கே சண்டை வந்தது. பர்மிய எழுத்து தடையின்றிப் படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்து முழுத் தாளையும் படிக்கச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜின் நம்பரையும் ஏற்கெனவே இருக்கும் கீறலையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

காலிப் பெட்டிக்குக் கட்டிய டெபாசிட்டைச் சரக்கு விலையோடு சேர்த்து எழுதாதீர்கள். அது திரும்ப வர வேண்டிய பணம். கம்பெனி கைமாறினால் அதைக் கேட்க ரசீது வேண்டும். அவ்வளவு பெரிய கிரினே 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மீதிப் பங்கை வைத்திருந்த ராணுவக் கம்பெனியோடு ஒத்துவராமல், 2023 ஜனவரியில் பங்கை விற்றுவிட்டுக் கிளம்பியது.

மூடி விஷயத்துக்கு என் யோசனை ஒன்றுதான்: சரக்கு வண்டி வரும் அன்றைக்கே எண்ணிக் கொடுத்து, டெலிவரி சீட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அண்ணனின் மூடிகளை நஷ்டத்தில்தான் எழுதினேன். டின்னை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.