14 வருஷம் முடிஞ்சா விட்டுடுவாங்களா?

"உள்ளே போய் 14 வருஷம் ஆச்சு சார், இன்னும் ஏன் விடலை?" ஆயுள் கைதியின் வீட்டார் என் முன்னால் வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். யார் கிளப்பிவிட்ட கணக்கோ இது. ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 என்ற எண் வேறு இடத்திலிருந்து வந்தது: தூக்கும் கொடுக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, அரசே விரும்பினாலும் 14 ஆண்டு உள்ளே கழிக்காமல் விடக் கூடாது என்று 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அது மனுப்போடத் தகுதி வரும் நாள், அவ்வளவுதான்.

வெளியே வர வழி இரண்டு. ஒன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மாநில அரசு தரும் தண்டனைக் குறைப்பு. பழைய சட்டத்தில் 432ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 473. சிறைக் கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர், போலீஸ் என்று அறிக்கைகள் ஒவ்வொன்றாக வரும், தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் கருத்தும் கேட்பார்கள். இன்னொன்று அரசியல் சாசனம் தரும் மன்னிப்பு அதிகாரம்: குடியரசுத் தலைவருக்கு 72ஆம் பிரிவு, ஆளுநருக்கு 161. இதற்கு அந்த 14 ஆண்டுக் கட்டு கிடையாது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018இல் 10 ஆண்டு முடித்தவர்களையே தமிழக அரசு விட முடிந்தது இப்படித்தான்.

ஆளுநர் என்றதும் அவர் தனியாக உட்கார்ந்து முடிவெடுப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும் என்பது 1980லேயே தீர்ந்துபோன விஷயம். ஆனாலும் பேரறிவாளன் விஷயத்தில் 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்தது, கோப்பு ராஜ்பவனில் கிடந்தது, அப்புறம் டெல்லிக்குப் போனது, கடைசியில் 2022 மே 18ஆம் தேதி உச்ச நீதிமன்றமே அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவு தனக்குத் தரும் சிறப்பு அதிகாரத்தில் விடுவித்தது.

மனு எந்த அரசுக்குப் போக வேண்டும் என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். குற்றம் நடந்த மாநிலமோ கைதி இருக்கும் மாநிலமோ கணக்கில்லை, விசாரித்துத் தண்டித்த மாநிலம்தான். 2002 குஜராத் கலவரத்தில் நடந்த பில்கிஸ் பானு கூட்டுப் பலாத்கார வழக்கில் 11 பேரை குஜராத் விட்டது 2024 ஜனவரியில் ரத்தானதற்கு முக்கியக் காரணமே வழக்கு நடந்தது மகாராஷ்டிரத்தில் என்பதுதான்.

சரி, தூக்குத் தண்டனைக்கு வருவோம். இப்போது இதற்குக் கெடு வைத்துவிட்டார்கள். மேல்முறையீடு தோற்றதைச் சிறையில் தெரிவித்த 30 நாளுக்குள் கருணை மனு போட வேண்டும். ஆளுநர் நிராகரித்தால் அங்கிருந்து 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. ஒருமுறை ஒரு குடும்பம் வேறு யாரோ எழுதிக்கொடுத்த மனுவைக் கொண்டுவந்தது. படித்தால் அச்சு அசலாக அதே மேல்முறையீட்டுக் காரணங்கள், சாட்சி முரண்பாடு, கத்தியில் ரத்தக்கறை என்று பக்கம் பக்கமாக. அந்த ஆள் சிறையில் பல வருஷமாக மனநல மருந்து சாப்பிடுகிறார், அதைப் பற்றி ஒரு வரி இல்லை! சாட்சியத்தைக் குடியரசுத் தலைவர் புதிதாகப் பார்க்கலாம் என்று 1988இல் கேஹர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் பார்க்காததை, பார்க்க முடியாததை முதலில் வையுங்கள்: நோய், வயது, சிறையில் படித்த படிப்பு, தனிமைச் சிறையில் கிடந்த காலம், மனு போட்ட ஒவ்வொரு தேதியும். தேதியை ஏன் சொல்கிறேன் என்றால், 2014இல் சத்ருகன் சௌகான் வழக்கில் 15 பேரின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது, அதில் பெரும்பாலோருக்குக் கருணை மனுவை வருஷக்கணக்கில் இழுத்தடித்ததே காரணம்.

குடியரசுத் தலைவரின் நிராகரிப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது. அரசியல் சாசனத்தின்படி நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டம் பூட்டிவைக்க முடியாது என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம், தண்டனை குறைந்தால் குற்றவாளி என்ற தீர்ப்பு அழிந்துபோவதில்லை. வேலை விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காதீர்கள்.

முன்விடுதலைக்குக் கொள்கை வகுத்துள்ள மாநிலங்களில் கைதி மனுவே போடாவிட்டாலும் அரசு தானாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் இன்னமும் மனு போடச் சொல்கிறேன், நகலில் சீல் வாங்கி வைக்கவும் சொல்கிறேன். மறுப்பு வந்தால் அதில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'பரிசீலித்து நிராகரிக்கப்படுகிறது' என்று ஒற்றை வரிதான் இருக்கிறதா? அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடாமல் வக்கீலிடம் கொண்டுபோங்கள், ரிட் மனுவை (அரசின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.