நிக்லாஸ் பெயருக்காக எவ்வளவு கூடக் கொடுக்கலாம்?

அரிசோனாவில் வீட்டு மதிப்பீடு செய்வது என் தொழில். சாண்ட்லர், ஸ்காட்ஸ்டேல் பக்கம் வீடு தேடும் நம்மவர்கள் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கேட்பார்கள்: "சார், கோல்ஃப் மைதானம் ஜாக் நிக்லாஸ் டிசைனாம். அதுக்காகவே விலை கூடச் சொல்றாங்க. கொடுக்கலாமா?" இவர்களில் பலர் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

நிக்லாஸ் அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான்; மைதானங்களும் வடிவமைத்தவர். அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த லாபம் பெரும்பாலும் முதல் விற்பனையிலேயே டெவலப்பர் கைக்குப் போய்விடுகிறது. கள்ளியும் கல்லுமாகக் கிடக்கும் நிலத்தில் மனை விற்க வேண்டும். 'மேஜர்' எனப்படும் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டம் வென்றவரின் பெயர் பலகையில் இருந்தால் பேச்சு சுலபம். ஸ்காட்ஸ்டேலின் டெசர்ட் மவுண்டன் வளாகத்தில் மட்டும் நிக்லாஸ் மைதானங்கள் ஆறு. அந்தப் பெயரிலும் தரம் பிரித்திருக்கிறார்கள். 'சிக்னேச்சர்' என்றால் நிக்லாஸே நேரில் ஈடுபட்டது. வெறும் 'நிக்லாஸ் டிசைன்' என்றால் அவர் நிறுவனத்தின் மற்ற வடிவமைப்பாளர்கள் செய்தது. விற்பனையாளர் இந்த வித்தியாசத்தைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மறுவிற்பனைக்கு வரும்போது கணக்கு சிக்கலாகிறது. ஒரே வளாகத்தில், ஏறக்குறைய ஒரே அளவில், ஃபேர்வேயை, அதாவது மைதானத்தின் புல்வெளிப் பாதையைப் பார்த்த ஒரு வீடும் உள்தெரு வீடு ஒன்றும் அடுத்தடுத்து விற்றிருந்தால், விலை வித்தியாசத்தைக் காட்சிக்கான விலை என்று எழுதலாம். வடிவமைத்தவர் பெயர் இரண்டு வீட்டுக்கும் பொது. அது இந்தக் கணக்கில் சிக்காது. அதைத் தனியே பிரிக்க, பெயரில்லாத மைதானம் உள்ள பக்கத்து வளாகத்தோடு ஒப்பிட வேண்டும். அங்கே பள்ளி வேறு, பில்டர் வேறு, மலை தெரியும் கோணம் வேறு. நிக்லாஸுக்குக் கட்டணம் கொடுக்க முடிந்த டெவலப்பர் நல்ல நிலத்தையும் முன்பே வளைத்திருப்பார். கூடுதல் விலையில் எது நிலத்துக்கு, எது பெயருக்கு? என் அறிக்கையில் பெயருக்கென்று தனி வரி போடுவதில்லை.

தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவை, பெயர்தான் விலையை ஏற்றுகிறது என்பதற்கு எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். அங்கே 1969-ல் ஹார்பர் டவுன் மைதானத்தை நிக்லாஸின் ஆலோசனையோடு அமைத்தவர் மைதான வடிவமைப்பாளர் பீட் டை. அதே ஆண்டு நடந்த முதல் ஹெரிடேஜ் கோல்ஃப் போட்டியில் பிரபல வீரர் ஆர்னால்ட் பாமர் வெல்ல, தீவு நாடெங்கும் தெரியவந்தது. ஆனால் டைக்கே பெரும் புகழ் வந்தது அந்த மைதானத்துக்குப் பிறகுதான். கடற்கரை இருந்தது, போட்டி இருந்தது; எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வளாகத்தை உருவாக்கிய சார்லஸ் ஃப்ரேசர் பத்திரங்களில் எழுதிவைத்த கறாரான கட்டுப்பாடுகள் இருந்தன.

பத்திரம் என்றதும் இரண்டு மைதானங்கள் நினைவுக்கு வருகின்றன. லாஸ் வேகஸில் குவீன்ஸ்ரிட்ஜ் வீடுகளை ஒட்டியிருந்த பேட்லாண்ட்ஸ், 1973 யு.எஸ். ஓப்பன் வென்ற ஜானி மில்லர் வடிவமைத்தது. 2015-ல் அந்த 250 ஏக்கரும் கைமாறின. வாங்கியவர் வீடு கட்டத் திட்டம் போட்டார். 2016-ல் மைதானம் மூடப்பட்டது. நகர நிர்வாகம் கட்ட விடவில்லை என்று அவர் வழக்குப் போட, 35 ஏக்கருக்கு மட்டும் நகரம் 48 மில்லியன் டாலர் தர வேண்டும் என்ற தீர்ப்பை நெவாடா உச்ச நீதிமன்றம் 2024-ல் உறுதிசெய்தது. இதற்கிடையில் பின்வாசலில் பச்சைப் புல்லுக்காகப் பணம் கொடுத்தவர்கள் காய்ந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபீனிக்ஸின் அவாட்டூக்கி லேக்ஸ் சின்ன மைதானம்; பெயருக்காக யாரும் தேடிப்போன இடமில்லை. 2013-ல் அதுவும் மூடப்பட்டது. ஆனால் அந்த நிலம் கோல்ஃபுக்குத்தான் என்று நிலக் கட்டுப்பாட்டு ஆவணத்தில் எழுதியிருந்தது. குடியிருப்பவர்கள் வழக்காடி ஜெயித்தார்கள். மைதானம் மறுபடி திறந்தது.

ஆகவே எஸ்க்ரோ (பணத்தையும் பத்திரத்தையும் மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் காலம்) முடிவதற்குள் 'சி.சி. அண்ட் ஆர்' என்ற நிலக் கட்டுப்பாட்டு ஆவணத்தை வாங்கி, மைதான நிலம் அதில் வருகிறதா என்று பாருங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, உறுப்பினர்கள் பெயரிலா, வெளி முதலீட்டாளர் பெயரிலா? புல்லுக்கு நிலத்தடி நீரா, மறுசுழற்சி நீரா? பாலைவனத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. சனிக்கிழமை காலையில் போய்ப் பின்பக்கச் சுவரையும் ஜன்னல் வலையையும் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் அடி தவறினால் பந்து பெரும்பாலும் வலப்பக்கம்தான் வளையும். அந்தப் பக்கத்து வீட்டுச் சுவரில் தடம் இருக்கும். கிளப் மெம்பர்ஷிப் கட்டாயம் என்றால், மாதச் சந்தாவை வீட்டுக் கடன் தவணையோடு கூட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.