"மறந்திரு" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்

எப்போதோ எடுத்த முடிவை நினைத்து நினைத்துக் குற்ற உணர்வோடு உளநலப் பிரிவில் என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மடியில் ஒரு சொப்பின் பை, அதற்குள் காலாவதியான பாஸ்போர்ட். "இந்த முத்திரையப் பார்க்கப் பார்க்க நெஞ்சு எரியுது மிஸ்" என்றார். 2007இல் போரால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, மூன்று வயது மகளைத் தாயிடம் விட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். மகளுக்கு இன்றும் அம்மம்மாதான் அம்மா.

வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "முடிஞ்சத நினைச்சு என்ன புள்ள, மறந்திரு." கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சொன்னால் மறந்துவிடுமா? பகலில் வாய் மூடும், இரவு இரண்டு மணிக்கு அதே நினைவு எழுப்பிவிடும். இதைப் பேசவே கூடாது என்ற வெட்கமும் கூடச் சேரும். மகள் அவருக்கு அவ்வளவு முக்கியம் என்பதால்தானே அந்த நெஞ்சு எரிகிறது? அதைப் போய் எப்படி மறப்பது?

ஒரு தாளைக் கொடுத்து, புறப்பட்ட நாளில் கையில் என்ன இருந்தது என்று எழுதச் சொன்னேன். தறப்பாள் கூடாரம், நிவாரண அரிசி, வேலையில்லாத கணவர், கடன். பிறகு தெரியவந்த எதையும் எழுத விடவில்லை. நடந்து முடிந்த பின், அப்போதே தெரிந்திருந்தது போல மனம் நம்பிக்கொள்ளும். பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இலேயே இதைச் சோதனை செய்து காட்டினார்.

தாளோடு நின்றால் அது சாக்காகிவிடும். இரண்டு வருடத்துக்கென்று போனவர், கல்வீடு கட்ட ஒப்பந்தத்தை இரண்டு தரம் நீட்டியிருக்கிறார். அவரே சொன்னார். அதற்கு மகளிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் "உனக்காகத்தானே போனேன்" என்று தொடங்காதீர்கள், அது வழக்காடலாகிவிடும். சாப்பிடாமல், நல்ல சேலை உடுத்தாமல் உங்களைத் தண்டித்துக்கொள்வதாலும் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது.

மறுமுறை வந்தபோது சொன்னார்: மகள் பாஸ்போர்ட்டைத் திறந்து, படத்தைப் பார்த்து, "இவ்வளவு சின்ன வயசா உங்களுக்கு?" என்று கேட்டாளாம்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் நாள் பார்க்க வேண்டாம், அன்றே வாருங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தில் 24 மணி நேரமும் பேசலாம். கூட்டி வரும் சொந்தங்களே, அவரிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். தயவுசெய்து கொஞ்ச நேரம் வெளியே வாங்கில் இருங்கள்.