ஸ்டீராய்டு: ஊக்கமருந்து என்று சொன்னால் சரியா?

மல்யுத்த வீரர் மேடை ஏறுகிறார். தோளில் பளபளக்கும் மேலங்கி. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. நடு மேடையில் நின்று, கொஞ்சம் காக்கவைத்து, அங்கியைக் கழற்றி வீசுகிறார். எண்ணெய் மின்னும் மார்பு, கழுத்தையே விழுங்கிவிட்ட தோள், முன்கையில் கயிறு கயிறாக நரம்பு. அரங்கம் 'ஓ'வென்கிறது. அப்புறம் எங்கோ ஒரு மூலையில் நாலு பேர் ஆரம்பிக்கிறார்கள்: "ஸ்டீ–ராய்ட்ஸ்! ஸ்டீ–ராய்ட்ஸ்!" நடுநடுவே தாளத்துக்குக் கைதட்டல். கொஞ்ச நேரத்தில் அந்தப் பகுதி முழுக்க அதே கூச்சல்.

இப்படி ஒரு காட்சியைத் தமிழில் எழுதும்போது எல்லாரையும் போல நானும் 'ஊக்கமருந்து' என்றுதான் போட்டேன். மறுநாள் படித்துப் பார்த்துவிட்டு அடித்தேன். செய்தித்தாள் வழக்கப்படி சொல் சரிதான். ஆனால் அந்த இடத்தில் பொருந்தவில்லை.

முதலில் ஸ்டீராய்டைப் பார்ப்போம். இந்தச் சொல்லின் வேர் தசையில் இல்லை, பித்தத்தில் இருக்கிறது. பித்தப்பைக் கல்லில் கிடைத்த வெள்ளைக் கொழுப்புப் பொருளுக்கு, கிரேக்கத்தில் பித்தத்தைக் குறிக்கும் 'கோலே', கெட்டியானதைக் குறிக்கும் 'ஸ்டீரியோஸ்' இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அதுதான் இன்று இரத்தப் பரிசோதனைத் தாளில் நாம் பயந்து பயந்து பார்க்கும் கொலஸ்டிரால். அதன் பின்பாதியை வெட்டி எடுத்தால் 'ஸ்டீரால்'. அதைப் போன்ற அமைப்புள்ளவை என்ற பொருளில் 'ஆய்டு' என்ற வாலை ஒட்டினால் 'ஸ்டீராய்டு'. 1936-இல் வேதியியலார் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. நான்கு கரி வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு குறிப்பிட்ட சட்டகம் கொண்ட எல்லாமே ஸ்டீராய்டுதான். மருந்து என்ற பொருளோ குற்றம் என்ற வாடையோ அந்தச் சொல்லுக்குள் கிடையாது.

அதனால்தான் குழப்பமும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்திலும் தோல் அரிப்புக்குத் தடவும் களிம்பிலும் இருப்பது ஸ்டீராய்டு என்றால் உடனே பயில்வான் உடம்பு நினைவுக்கு வந்து பயப்படுகிறவர்கள் உண்டு. அது வேறு குடும்பம். அழற்சியைத் தணிக்கும் அந்த வகையை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் தசை வளராது, மெலியும். ஒரே பெயர், நேர் எதிர் வேலை.

மேடையில் சந்தேகிக்கப்படுவது 'அனபாலிக்' ஸ்டீராய்டு. கிரேக்கத்தில் 'அனபோலே' என்றால் மேலே எறிந்து குவித்தது, மண்மேடு. உடம்பு சிறு கூறுகளைச் சேர்த்துக் கட்டி எழுப்பும் வேலைக்கு அந்தப் பெயர். நம் பாடநூல்களில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது. வளர்சிதைமாற்றம் என்று படித்திருப்போமே, அதில் 'சிதை'யை எடுத்துவிட்டால் வளர்மாற்றம். ஆக, வளர்மாற்ற ஸ்டீராய்டு. பாடநூலுக்குக் கச்சிதம். வாயில் போட்டுப் பார்த்தால்தான் கொஞ்சம் கடிக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூலம் ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டீரான். 1935-இல் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஆய்வகத்தில் செய்தும் காட்டினார்கள். 1958-இல் சிபா என்ற மருந்து நிறுவனத்தின் டயனபால் என்ற அனபாலிக் ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பளுதூக்குபவர்களிடம் தொடங்கி உடற்கட்டுக் கலைஞர்களிடம் போய், அங்கிருந்து மல்யுத்த உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தது.

இப்போது 'ஊக்கமருந்து'க்கு வருவோம். ஊக்கு என்பது பழைய வினைச்சொல். உந்து, முனைந்து மேலே செலுத்து என்று பொருள். ஊஞ்சலை உந்திவிடுவதும் ஊக்குதல்தான். குறளில் ஓர் இடம்: மரத்தின் நுனிக்கொம்பு வரை ஏறியவர் 'அஃதிறந்து ஊக்கின்', அதாவது அதையும் தாண்டி ஏற முனைந்தால், உயிருக்கே முடிவாகும் என்கிறார் வள்ளுவர். வலியறிதல் அதிகாரத்தில் வருகிறது. விளையாட்டில் மருந்து எடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடைக்காது.

ஆங்கிலத்தில் 'டோப்பிங்' என்பதற்குத்தான் ஊக்கமருந்து என்று வைத்தோம். அந்தச் சொல் டச்சு மொழியின் 'டூப்'பிலிருந்து வந்தது. தொட்டுக்கொள்ளும் குழம்பு என்று பொருள். குழம்பு, குழம்பு போன்ற அபினி, அபினி கொடுத்த பந்தயக் குதிரை என்று அர்த்தம் நகர்ந்து நகர்ந்து விளையாட்டு வீரரிடம் வந்து நின்றது. (குதிரைக்குக் கொடுத்தது சில சமயம் ஓடவிடாமல் செய்வதற்கு! அங்கே ஊக்கத்துக்கு ஏது இடம்?) இதனால்தானோ என்னவோ, இன்றும் சிலர் ஊக்கமருந்தையும் போதைமருந்தையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

ஓட்டப் பந்தயத்துக்கு ஊக்கமருந்து என்பது சரி. நூறு மீட்டரை இன்னும் வேகமாகக் கடக்க ஒருவர் மருந்து எடுத்தால், அது அவரை ஊக்குகிறது, பக்கத்துத் தடத்தில் ஓடுபவரை ஏமாற்றுகிறது. தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பார் என்பது மேடை ஏறும் முன்பே முடிவாகிவிட்டது. 1989-இல் அமெரிக்காவின் பெரிய மல்யுத்த நிறுவனமான அன்றைய டபிள்யூடபிள்யூஎஃப்-பே (இன்று டபிள்யூடபிள்யூஇ) நியூ ஜெர்சி மாநிலத்தில் இதை ஒப்புக்கொண்டது. இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று சொன்னால் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் இல்லை அல்லவா! சரி, போட்டியே இல்லாத இடத்தில் மருந்து எதற்கு?

பார்வைக்கு. அங்கியைக் கழற்றும் அந்த ஒரு நொடிக்கு. மல்யுத்தத்தில் மதிப்பெண் பலகை என்று ஒன்று இல்லை. கூட்டத்தின் சத்தம்தான் மதிப்பெண். அந்தச் சத்தத்துக்குத் தொழிலுக்குள் தனிச்சொற்களே உண்டு. வரவேற்று எழும் ஆரவாரம் 'பாப்'. வில்லன் மேல் விழும் வசவு 'ஹீட்'. வில்லனுக்கு 'ஹீல்', நல்லவனுக்கு 'பேபிஃபேஸ்'. நடப்பதெல்லாம் நிஜம் என்று விடாமல் காக்கும் பாவனைக்கு 'கேஃபேப்'. 1980-களில் பெரிய உடம்புக்குப் பெரிய பாப் கிடைத்தது. பெரிய பாப் கிடைத்தவருக்குப் பட்டம் கிடைத்தது. மருந்தின் கணக்கு அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்து மேடையில் ஊக்கத்தைக் குறைக்கவும் செய்யும். ஊதிய தசைக்கு மூச்சு போதாது. ஐந்து நிமிடத்தில் இளைத்து, எதிராளியைக் கட்டிப்பிடித்தபடி ஓய்வெடுப்பார்கள். இப்படி மூச்சிரைத்து நிற்பதை மல்யுத்தக்காரர்கள் 'ப்ளோன் அப்' என்பார்கள். ஸ்டீராய்டுக்கு அவர்களுடைய குழூஉக்குறி 'கேஸ்'. உடற்பயிற்சிக் கூடத்தில் 'ஜூஸ்' என்பார்கள். பழைய மல்யுத்தப் பேச்சிலோ ஜூஸ் என்றால் நெற்றியைக் கீறி வரவழைக்கும் இரத்தம். மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும்.

சந்தேகம் வழக்காக மாறியது 1991-இல். பென்சில்வேனியா மாநில விளையாட்டு ஆணையத்தின் சார்பில் மேடையோரம் உட்கார்ந்து வீரர்களின் உடல்நலத்தைப் பார்க்க வேண்டிய மருத்துவர் ஜார்ஜ் ஸஹோரியன், அவர்களுக்கே ஸ்டீராய்டு விற்றதாகத் தண்டனை பெற்றார். அடுத்த மாதம் டபிள்யூடபிள்யூஎஃப்-இன் பெரிய நட்சத்திரம் ஹல்க் ஹோகன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், காயத்துக்குச் சிகிச்சையாக மட்டுமே எடுத்ததாகச் சொன்னார். பிரார்த்தனை செய், வைட்டமின் சாப்பிடு என்று குழந்தைகளுக்கு அறிவுரை சொல்லிப் பேர் வாங்கியவர். 1994 ஜூலையில் நிறுவன முதலாளி வின்ஸ் மெக்மேன் மீதான ஸ்டீராய்டு விநியோக வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, பல ஆண்டுகள் எடுத்ததாக ஒப்புக்கொண்டார். மெக்மேன் எடுக்கச் சொல்லவில்லை என்றும் சொன்னார். மெக்மேன் விடுதலையானார்.

தீர்ப்பு எப்படியோ போகட்டும், மேடையில் உடம்பின் அளவு மாறியது. மெக்மேன் வழக்குக்கு முன்பே, 1992 அக்டோபரில், பிரெட் ஹார்ட் என்ற வீரர் கையில் சாம்பியன் பட்டம் போனது. அவரும் வலுவானவர்தான். ஆனால் அங்கியைக் கழற்றியதும் 'ஓ' போட வைக்கும் உடம்பு இல்லை. கூட்டம் அவருடைய பிடிகளுக்குக் கைதட்டப் பழகியது.

2005 நவம்பரில் மல்யுத்த வீரர் எடி கெரேரோ 38 வயதில் இதயநோயால் இறந்த பிறகு டபிள்யூடபிள்யூஇ புதிய பரிசோதனைத் திட்டத்தை அறிவித்தது. 2006 மார்ச்சில் நடந்த முதல் சுற்றில், முன்கூட்டியே எச்சரித்தும், 40 சதவீதம் பேரிடம் ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்துகள் தென்பட்டதாக அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையில் வெளிவந்தது.

அதற்கப்புறம் ரசிகர்களின் கண் மாறிவிட்டது. முன்பு வியந்து பார்த்த உடம்பை இப்போது துப்பறிந்து பார்க்கிறார்கள். டபிள்யூடபிள்யூஇ வீரர் ஜிந்தர் மஹால் நல்ல உதாரணம். 2016-இல் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். தோல் தாளாகி நரம்பு புடைத்த உடம்பு. 2017 மே மாதம் ராண்டி ஆர்ட்டனை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். சந்தேகக் குரல் உடனே எழுந்தது. அவர் மறுத்தார்: குடியை விட்டேன், சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினேன், பரிசோதனைக்கு உட்படுகிறேன் என்றார். அவர்மேல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. சந்தேகம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு. எழுதுகிறவர்கள் இந்தக் கோட்டை அழிக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியது அந்தக் கூச்சல் எந்த வகை என்பதை. வில்லனைத் திட்டினால் அது ஹீட், கதைக்குள் நிற்கிறது, வில்லனுக்கு அது சம்பளம் மாதிரி. 'ஸ்டீராய்ட்ஸ்' என்று கத்தும்போது கூட்டம் கதையை விட்டு வெளியே வந்து, வேடத்தை விட்டுவிட்டு வேடம் போட்டவரைத் திட்டுகிறது. கேஃபேப் அங்கே கிழிகிறது. நாடகத்தில் இராவணனைத் திட்டுவதற்கும், இராவணனாக நடிப்பவரிடம் "ஒட்டுமீசை தெரியுது" என்று கத்துவதற்கும் உள்ள வித்தியாசம். தமிழில் முன்னதை வசவு என்றும் பின்னதைக் கேலி என்றும் பிரித்து எழுதலாம்.

சரி, மருந்துக்கு என்ன சொல்? 'உருப்பெருக்கி' என்று ஆசையாக எழுதிப் பார்த்தேன், பூதக்கண்ணாடி ஆகிவிட்டது. ஒலிபெருக்கி மாதிரி 'தசைபெருக்கி' என்றால் செய்யும் வேலையைச் சொல்கிறது, பொய்யான ஊக்கத்தை ஏற்றிச் சொல்லவில்லை. மல்யுத்தம், உடற்கட்டு பற்றிய எழுத்தில் இதுவே என் தேர்வு. ஓட்டம், நீச்சல், பளுதூக்கல் என்றால் ஊக்கமருந்து இருக்கட்டும். அந்தச் சொல் ஸ்டீராய்டு அல்லாத மற்ற தடைசெய்த மருந்துகளையும் சேர்த்துக் குறிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மருத்துவச் செய்தி என்றால் ஸ்டீராய்டு என்றே விட்டுவிடலாம். ஆஸ்துமாக்காரரைத் தசைபெருக்கி பயன்படுத்துகிறார் என்று எழுதி அவரைக் கலவரப்படுத்த வேண்டாம்.

ஆனால் அந்த அரங்கக் கூச்சலுக்குத் தசைபெருக்கி உதவாது. எத்தனை பேர் சேர்ந்தாலும் அதைத் தாளத்தோடு கத்த முடியாது. கத்துவதற்கு ஏற்ற சொல் உடற்பயிற்சிக் கூடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே யாரும் வளர்மாற்றம் பற்றிப் பேசுவதில்லை. திடீரென்று ஊதிய உடம்பைப் பார்த்தால், "ஊசி போட்டிருக்கான்" என்பார்கள். இரண்டே எழுத்து, நடுவில் ஒரு கைதட்டல் வைக்கவும் இடம் இருக்கிறது. ஆகவே அடித்த இடத்தில் இப்படி எழுதினேன்: "ஊ–சி! ஊ–சி!"