92 அடித்தவர் 79 அடித்தவரை ஜெயிப்பது எப்படி?

கோல்ஃபில் குறைவாக அடிப்பவரே கெட்டிக்காரர். 18 குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்க மொத்தம் எத்தனை அடி ஆயிற்று, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் கோல்ஃப் சொசைட்டி ஒன்றின் நட்புப் போட்டி நாளில் சாயங்காலம் வரை இருந்து பாருங்கள். 92 அடித்தவர் கோப்பையை வாங்கிக்கொண்டு போவார். 79 அடித்தவர் எங்கேயோ நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருப்பார், சிரிப்பு மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

இது ஏமாற்று வேலை இல்லை. முழுக்க முழுக்கக் கணக்கு.

சொசைட்டி என்பது பெரும்பாலும் சொந்த மைதானம் இல்லாத ஒரு நண்பர் கூட்டம். இந்த முறை ஒரு மைதானம், அடுத்த முறை வேறொன்று என்று போய் ஆடுவார்கள். முப்பது வருஷமாக ஆடுபவரும் போன வருஷம்தான் மட்டையைத் தொட்டவரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துவிட்டால்தான் போட்டி என்று ஒன்று இருக்கும். அந்தக் கழிவுக்குப் பெயர் ஹேண்டிகேப்.

ஹேண்டிகேப் என்றால் சராசரி ஸ்கோர் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆடுபவர்களே கூட. அப்படி இல்லை. 2020-ல் அமலுக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை உங்கள் கடைசி 20 சுற்றுகளை எடுத்து, அதில் மிகச் சிறந்த 8-ஐ மட்டும் சராசரி பார்க்கிறது. மீதி 12 சுற்றுகள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கண்டுகொள்வதில்லை. அதாவது, நீங்கள் வழக்கமாக எப்படி ஆடுவீர்கள் என்பதை அது அளக்கவில்லை; நன்றாக ஆடும் நாளில் எப்படி ஆடுவீர்கள் என்பதை அளக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மைதானத்துக்கு மைதானம் கடினம் மாறுமே? அதற்குத்தான் ஸ்லோப் என்ற எண். இது 55-இல் இருந்து 155 வரை போகும், 113 நடுநிலை. மைதானம் கடினமா என்பதை விட, சுமாரான ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பதையே ஸ்லோப் சொல்கிறது. உதாரணத்துக்கு, 210 கஜ தூரத்தில் ஓர் ஓடை குறுக்கே ஓடுகிறது. 250 கஜம் அடிப்பவருக்கு அது வெறும் காட்சி. 200 கஜம் அடிப்பவர் அதன் முன்னால் நின்று யோசிக்க வேண்டும். அதனால் அந்தச் சிறந்த 8 சுற்றுக் கணக்கில் 21 என்ற குறியீட்டெண் பெற்றவர் ஸ்லோப் 140 உள்ள மைதானத்துக்குப் போனால், 21-ஐ 140-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்து, 26 அடி தருகிறார்கள். (பார் என்பது தேர்ந்தவருக்கு ஒரு குழிக்கோ முழு மைதானத்துக்கோ இத்தனை அடி என்று குறித்த எண். தர எண் என்பது கழிவே தேவைப்படாத ஆட்டக்காரருக்கு அந்த மைதானத்தில் நிஜமாக ஆகக்கூடிய அடி. இரண்டும் சமமாக இருந்தால் இந்தக் கணக்கு. இல்லையென்றால் அந்த வித்தியாசத்தையும் சேர்க்க வேண்டும்.)

சரி, அடி கிடைத்துவிட்டது. அதை எப்படிச் செலவழிப்பது? பெரும்பாலான சொசைட்டிகள் ஆடுவது ஸ்டேபிள்ஃபோர்டு முறை. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் உருவாக்கியது. 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் இதை வைத்துப் போட்டி நடந்தது. கழிவு போக, பார் என்றால் 2 பாயின்ட். ஒன்று கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம்.

நம் 79-காரரையும் (ஹேண்டிகேப் 5) 92-காரரையும் (ஹேண்டிகேப் 25) ஒரு குழியில் பார்ப்போம். பார் 4, கடின வரிசையில் 4-வது. கழிவு கடினமான குழிகளில் இருந்து தொடங்கிப் பங்கிடப்படும். ஹேண்டிகேப் 5 உள்ளவருக்கு மிகக் கடினமான 5 குழிகளில் தலா ஒன்று, ஆக இங்கே ஓர் அடி கழிவு. 25 உள்ளவருக்கு எல்லாக் குழியிலும் ஒன்று உண்டு, மிகக் கடினமான 7 குழிகளில் இரண்டு. ஆக இங்கே இரண்டு. முன்னவர் 5 அடிக்கிறார், பின்னவர் 6. இருவருக்கும் 2 பாயின்ட். அடுத்தது ஒரு சுலபமான பார் 3. நம் 25-காரர் பந்தைக் குளத்தில் போட்டு, அப்புறம் மணலில் போட்டு, ஐந்து அடியாகியும் குழியில் விழவில்லை. இனி எத்தனை அடித்தாலும் பூஜ்யம்தான். பந்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கிறார். மொத்த அடிகளை எண்ணும் போட்டியில் இதே குழி 9 ஆகி அவர் நாளையே கெடுத்திருக்கும். இங்கே நஷ்டத்துக்கு உச்சவரம்பு 2 பாயின்ட். லாபத்துக்கு அப்படி வரம்பு இல்லை. எப்போதாவது மின்னுபவருக்கு இந்த முறை செல்லம் கொடுக்கிறது என்றே சொல்வேன்.

18 குழிக்கும் தலா 2 என்றால் 36. தன் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடினால் கிடைப்பது இதுதான். இப்போது அந்த எட்டுச் சுற்றுக் கணக்குக்குத் திரும்புவோம். நம் இருவரின் ஸ்கோர்களும் மணி வளைவைப் போல, அதாவது பெரும்பாலானவை சராசரியை ஒட்டியும் மிக நல்லதும் மிக மோசமானதும் அபூர்வமாகவும், பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தேர்ந்தவரின் ஸ்கோர் சாதாரணமாக 3 அடி இப்படி அப்படி ஆடும், மற்றவருடையது 5. 20-இல் சிறந்த 8 என்பது ஒருவரின் சராசரியை விடக் கிட்டத்தட்ட அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு சிறப்பாக இருக்கும். ஆகவே 36 என்பது நல்ல நாளுக்கான எண். முன்னவரின் வழக்கமான நாள் 33, பின்னவருடையது 31. இருவர் மட்டும் மோதினால் 100-க்குச் சுமார் 63 தடவை தேர்ந்தவரே ஜெயிப்பார்.

ஆனால் நாற்பது பேர் ஆடும் போட்டியில் வழக்கமான நாள் யாருக்கும் கோப்பை தராது. 41 போல ஒன்று வேண்டும். தேர்ந்தவர் 41 எடுப்பது சுமார் 260 சுற்றுக்கு ஒருமுறை. மற்றவர் 44-க்கு ஒருமுறை! நிதானம் இரண்டு பேருக்கு நடுவில் பலம், கூட்டத்தில் பலவீனம். இதை ஓரளவு சரிக்கட்டத்தான் இப்படிப் பலர் ஆடும் தனிநபர் போட்டிகளில் ஹேண்டிகேப்பில் 95 சதவீதமே தருகிறார்கள். மேலே பார்த்த 26 அடி 25 ஆகிறது, நம் 25-காரரின் கழிவு வந்தது இப்படித்தான். 5 அப்படியே 5. மற்றவரின் வாய்ப்பு 72-க்கு ஒன்றாகக் குறைகிறது. குறைந்தும் இது மூன்று மடங்குக்கு மேல் அதிகம். அப்படிப்பட்டவர்கள் இருபது பேர் களத்தில் இருந்தால், அதில் யாராவது ஒருவருக்காவது அந்த நாள் வந்துசேர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

பார் 72 உள்ள மைதானம், எந்தக் குழியும் பூஜ்யமாகாத நாள் என்று வைத்துக்கொள்வோம். 92-இல் 25 போக 67, பாரை விட 5 குறைவு, அதாவது 36-உடன் 5 சேர்த்து 41 பாயின்ட். 79-இல் 5 போக 74, 34 பாயின்ட். தேர்ந்தவர் தன் வழக்கத்தை விட ஒரு பாயின்ட் நன்றாகவே ஆடியிருக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

பல சொசைட்டிகள் ஜெயித்தவருக்கு அடுத்த போட்டியில் ஒன்றிரண்டு அடி வெட்டிவிடும். இது அவர்களின் வீட்டு விதி, உலக முறையில் கிடையாது. முணுமுணுப்பு அடங்க அதுவும் தேவைதான். 79 அடித்தவரும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. ஒரு பார் 3 குழியில் கொடிக்கு மிக அருகில் பந்தை நிறுத்துபவருக்குத் தனிப் பரிசு வைத்திருப்பார்கள். அங்கே கழிவு, ஸ்லோப், சதவீதம் எதுவும் கிடையாது. குனிந்து அளவு நாடாவைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் போதும்.